பெரோவ்ஸ்கைட் குவாண்டம் டாட் சூரிய மின்கலம்: கழுவக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரோவ்ஸ்கைட் குவாண்டம் டாட் என்றால் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள, சில நானோமீட்டர் அளவே உள்ள துகள். புற ஊதா விளக்கைக் காட்டியதும் செக்கச்செவேலென்று ஒளிரும் அந்த டாட்களின் கரைசலை ஒரு குப்பி செய்வது பெரிய வித்தை இல்லை, பொருட்கள் கையில் இருந்தால் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடலாம். அதே கரைசலைக் கண்ணாடியில் பூசி உருப்படியாக மின்னோட்டம் எடுப்பதுதான் வாரக்கணக்கில் உயிரை வாங்கும். பலரும் முதல் பாதியைப் பற்றியே பேசுவார்கள், அதற்குத்தானே அழகான படம் கிடைக்கிறது. நான் இங்கே அதிகம் சொல்லப்போவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலையை, அதாவது கழுவுவதை.

இது வீட்டு மேஜையில் செய்து பார்க்கும் விஷயம் கிடையாது. ஈயம் இருக்கிறது, தீப்பற்றும் கரைப்பான்கள் இருக்கின்றன, வெற்றிடமும் நைட்ரஜனும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் குழாய் அமைப்பு வேண்டும். ஃபியூம் ஹூட், சென்ட்ரிஃபியூஜ், ஸ்பின் கோட்டர் உள்ள ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்து, "நீ டாட் செய்து செல் போடு" என்று விடப்பட்டவருக்காக எழுதுகிறேன்.

எந்த டாட்?

சூரிய மின்கலம்தான் இலக்கு என்றால் சீசியம் லெட் அயோடைடில் (லெட் என்றால் ஈயம்) தொடங்குங்கள். இது ஒரு விசித்திரமான பொருள். பெரிய படிகமாக இருக்கும்போது ஒளியை நன்றாக உறிஞ்சும் கறுப்பு நிலை 300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் நிலைத்து நிற்கும், அறை வெப்பநிலைக்கு வந்தால் ஒன்றுக்கும் உதவாத மஞ்சள் நிலைக்கு மாறிவிடும். அதையே பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர் துகளாகச் செய்தால், மேற்பரப்பின் ஆற்றல் கணக்கு மாறிப்போய், கறுப்பு நிலை அறை வெப்பநிலையிலேயே மாதக்கணக்கில் தாங்குகிறது. வெறும் நிறத்தை மாற்றிக்கொள்வதற்காக மட்டும் டாட் செய்வதில்லை, இந்த நிலைத்தன்மைக்காகவும்தான். சொல்லப்போனால் மின்கலத்துக்குப் பயன்படும் இந்தப் பெரிய துகள்களில் குவாண்டம் அடைப்பு (துகள் சிறியதாவதால் நிறம் மாறும் விளைவு) லேசாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்தப் பொருளின் போர் விட்டமே (எலக்ட்ரானும் அதன் துளையும் சேர்ந்த இணையின் இயல்பான அளவு) சுமார் 12 நானோமீட்டர். 'குவாண்டம் டாட்' என்பது கொஞ்சம் தாராளமாக வைத்த பெயர். நானோ படிகம் என்று சொன்னாலும் சரிதான்.

இந்தக் குடும்பத்தின் சீசியம் வகை டாட்களை 2015இல் சூரிக்கின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் மாக்சிம் கோவலென்கோவின் குழு வெளியிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் அபிஷேக் ஸ்வர்ன்கர், ஜோசஃப் லூதர் உள்ளிட்டோர் சீசியம் லெட் அயோடைடு டாட்களை வைத்து 10.77 சதவீதத் திறனுள்ள மின்கலம் செய்தார்கள். அந்தத் தாளின் உயிர்நாடி செய்முறை இல்லை, கழுவிய கரைப்பான். அதற்கு வருகிறேன்.

குடுவை வேலை

முதலில் சீசியம் ஒலியேட். 0.407 கிராம் சீசியம் கார்பனேட், 20 மி.லி. ஆக்டாடெசீன் (இது கரைப்பான்), 1.25 மி.லி. ஒலீயிக் அமிலம். 120 டிகிரியில் வெற்றிடத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் உலர்த்தி, அப்புறம் நைட்ரஜனில் 150 டிகிரி வரை ஏற்றினால் வெள்ளைத் தூள் முழுதும் கரைந்து தெளிவாகும். இது ஆறினால் உறைந்து வெண்மையாகிவிடும். அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மறுபடி தெளியும். ஊசியில் எடுக்கும்போதும் சூடாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி நுனியிலேயே அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு குடுவையில் 0.5 கிராம் லெட் அயோடைடு, 25 மி.லி. ஆக்டாடெசீன். இதையும் 120 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். இதற்கிடையே ஒலீயிக் அமிலம், ஒலைல்அமீன் இரண்டும் தலா 2.5 மி.லி. எடுத்துத் தனியாகச் சூடாக்கி உள்ளே விடுங்கள். மஞ்சள் தூள் கரையக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு துகள்கூட மிச்சமில்லை என்று உறுதியாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு நைட்ரஜனுக்கு மாற்றி 180 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், 2 மி.லி. சீசியம் ஒலியேட்டை ஒரே அழுத்தில் உள்ளே செலுத்துங்கள். மஞ்சளாக இருந்த திரவம் கண்ணிமைக்கும் நேரத்தில் அடர் சிவப்பாகும். ஐந்து வினாடி எண்ணிவிட்டுக் குடுவையைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்குங்கள்.

வெப்பநிலைதான் துகளின் அளவைத் தீர்மானிக்கிறது. 60 டிகிரியில் செலுத்தினால் மூன்றரை நானோமீட்டருக்குப் பக்கத்தில், 185 டிகிரியில் செலுத்தினால் பன்னிரண்டரை நானோமீட்டர் வரை. மின்கலத்துக்குப் பெரியதே நல்லது: அகன்ற நிறமாலையை உறிஞ்சும், மேற்பரப்பு விகிதமும் குறைவு. ஒளிர்வு உச்சம் 680 நானோமீட்டரை ஒட்டி வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

அளவுகளைக் கவனித்தால் ஒன்று உறுத்தும். சீசியம் கால் மில்லிமோல், ஈயம் ஒரு மில்லிமோலுக்கு மேல், அதாவது நான்கு மடங்கு. இது வீணடிப்பு இல்லை. இந்தக் குடுவையில் அயோடைடுக்கு லெட் அயோடைடைத் தவிர வேறு மூலமே கிடையாது, ஒரு சீசியத்துக்கு மூன்று அயோடைடு வேண்டும், போதாக்குறைக்கு ஒலைல்அமீனும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று குறைத்தால் அயோடைடு பற்றாத டாட்கள்தான் கிடைக்கும், ஒளிர்வு மங்கும், சீக்கிரம் மஞ்சளாகும்.

குடுவைப் பக்கத் தோல்விகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. உலர்த்தும் நேரத்தைச் சுருக்காதீர்கள். ஒலைல்அமீன் பழைய புட்டியாக இருந்து பழுப்பேறியிருந்தால் அதை நம்பி ஒரு நாள் உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

கழுவுவது

இப்போது உங்களிடம் சுமார் 30 மி.லி. சிவப்புக் குழம்பு இருக்கிறது. அதில் டாட் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஆக்டாடெசீன், வேலை செய்து முடிக்காத ஈய ஒலியேட், தாராளமாக லிகண்ட், அதாவது டாட்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகள். ஒவ்வொரு டாட்டைச் சுற்றியும் ஒலியேட்டும் ஒலைல் அம்மோனியமும் மயிர்க்கால் போல நட்டுக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொன்றும் பதினெட்டுக் கார்பன் நீளம், கிட்டத்தட்ட இரண்டு நானோமீட்டர். குடுவைக்குள் இவைதான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பவை. படலத்துக்குள் இவையே மின்காப்புச் சுவர். எலக்ட்ரான் ஒரு டாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டும், இடைவெளி ஒரு நானோமீட்டர் கூடினாலும் தாவும் வாய்ப்பு மளமளவென்று சரியும். முழுதும் உரித்துவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய படிகமாகி, மஞ்சள் நிலைக்கு வழி திறந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது, அது கைக்குப் பிடிபடச் சில குப்பிகள் பலியாகும்.

லெட் சல்ஃபைடு மாதிரியான பழைய டாட்களைக் கழுவிப் பழகியவர்கள் எத்தனாலையோ அசிட்டோனையோ தேடுவார்கள். இங்கே வேண்டாம். பெரோவ்ஸ்கைட் அயனிப் பொருள், துருவத்தன்மை மிகுந்த கரைப்பான் பட்டால் படிகமே குலைந்துவிடும். நானே ஒருமுறை 'மெத்' என்று தொடங்கும் சீட்டைப் பார்த்து மெத்தில் அசிடேட் என்று நினைத்து மெத்தனாலை ஊற்றினேன். அடர் சிவப்பு வெளுத்து, மஞ்சளாகி, புழுதி போல அடியில் இறங்கியது, விளக்கைக் காட்டினால் ஒரு பொட்டு ஒளி இல்லை. மூன்று நாள் வேலை பத்து வினாடியில் போனது. அன்றிலிருந்து அந்த இரண்டு புட்டிகளும் என் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை.

மெத்தில் அசிடேட் ஏன் பொருந்துகிறது? டாட்களைக் கீழே இறக்கும் அளவுக்குத் துருவத்தன்மை உண்டு, படிகத்தைக் குலைக்கும் அளவுக்கு இல்லை. 2016இன் வெற்றிக்கு இந்தத் தேர்வுதான் அடித்தளம்.

முறை இது. குழம்பில் மூன்று மடங்கு மெத்தில் அசிடேட் சேர்த்து நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். அடியில் அடர் பழுப்பு வண்டல் நிற்கும், மேலே உள்ள திரவத்தைக் கழிவில் ஊற்றிவிட்டு, வண்டலைச் சில மி.லி. ஹெக்சேனில் கலையுங்கள். பிறகு அதே அளவு மெத்தில் அசிடேட், மறுபடி 8000 சுற்று. இரண்டு கழுவல் போதும். மூன்றாவது கழுவலுக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வண்டலைச் சுமார் 15 மி.லி. ஹெக்சேனில் கலைத்து, மெதுவாக 4000 சுற்றில் சுழற்றினால் கலையாத கட்டிகள் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிந்த சிவப்புக் கரைசலை இருட்டில் 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிப்பார்கள். குளிரில் மிச்சமிருக்கும் சீசியம் ஒலியேட்டும் ஈய ஒலியேட்டும் வெள்ளையாக அடியில் படியும், அதை விட்டுவிட்டு மேல் திரவத்தை மட்டும் எடுக்க வேண்டும். அந்த வெள்ளை படலத்துக்குள் போனால் மின்காப்புத் தீவுகளாக உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக நைட்ரஜன் ஊதி ஹெக்சேனை ஆவியாக்கி, ஆக்டேனில் மி.லி.க்கு 50 முதல் 75 மி.கி. செறிவில் கலைத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் மை.

கழுவல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வண்டலில் ஹெக்சேன் விட்டுக் குலுக்கினால் ஓரிரு நொடியில் கண்ணாடி போலத் தெளிவாகக் கலைய வேண்டும். கலங்கலாக நின்றாலோ, முன்பைவிட ஒளிர்வு மங்கினாலோ, அதிகம் உரித்துவிட்டீர்கள். நன்றாகக் கலைகிறது, பிரமாதமாக ஒளிர்கிறது, ஆனால் பூசிய படலம் எண்ணெய்த் தடவியது போல மினுங்குகிறது என்றால் லிகண்ட் மிச்சம். அகச்சிவப்பு நிறமாலைக் கருவி கிடைத்தால் செ.மீ.க்கு 2850 முதல் 2930 வரையிலான அலை எண்களில் வரும் கார்பன்-ஹைட்ரஜன் மேட்டைப் பாருங்கள், ஒவ்வொரு படியிலும் அது எவ்வளவு இறங்குகிறது என்பதே லிகண்ட் கணக்கு.

படலத்தின் மேல் இரண்டாவது உரிப்பு

குப்பியில் முழுதும் உரிக்க முடியாது, உரித்தால் கலையாது. அதனால் மீதி வேலை கண்ணாடி மேல் நடக்கிறது. எஃப்டிஓ (ஒளி ஊடுருவும் மின்கடத்தி) பூசிய கண்ணாடி, அதன் மேல் சுமார் 50 நானோமீட்டர் டைட்டானியம் டைஆக்சைடு. அதில் மையை விட்டு 1000 சுற்றில் 20 வினாடி, 2000 சுற்றில் 5 வினாடி சுழற்றுங்கள். பிறகு லெட் நைட்ரேட்டை மெத்தில் அசிடேட்டில் தெவிட்டும்வரை கலந்து வடிகட்டிய கரைசலில் படலத்தை முக்கி, வெறும் மெத்தில் அசிடேட்டில் அலசி, உலரவிட்டு அடுத்த அடுக்கு. இப்படி மூன்றிலிருந்து ஐந்து அடுக்கு.

இந்த இடத்தில் ஒரு சுவாரசியமான முரண். பெரோவ்ஸ்கைட் என்றாலே ஈரம் எதிரி என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆனால் இந்தப் படிக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். மெத்தில் அசிடேட் காற்றிலுள்ள தண்ணீரோடு சேர்ந்து துளித்துளியாக அசிட்டிக் அமிலமாக உடைகிறது, அதிலிருந்து வரும் குட்டி அசிடேட்தான் நீண்ட ஒலியேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. எலும்பு போல உலர்ந்த க்ளவ் பாக்ஸுக்குள் இதைச் செய்தால் மாற்றம் சோம்பலாக நடக்கும். மழைக்கால ஈரத்தில் செய்தால் படலமே மஞ்சளாகும். ஒப்பு ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்குள் இருக்கும் உலர் அறை இருந்தால் நல்லது. ஒரே செய்முறை ஒரு மாதம் வேலை செய்து அடுத்த மாதம் படுத்துவிட்டால், மையைச் சந்தேகிக்கும் முன் சுவரில் இருக்கும் ஈரப்பதமானியைப் பாருங்கள்.

அடுக்கு சரியாக மாறியதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: படலத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு ஆக்டேன் விட்டுத் துடைப்பானால் உறிஞ்சுங்கள். நிறம் ஏறினால் லிகண்ட் இன்னும் இருக்கிறது, அடுத்த அடுக்கைப் பூசும்போது கீழ் அடுக்கு கரைந்து எழும்பும். வெள்ளையாகவே இருந்தால் தொடரலாம்.

மெத்தில் அசிடேட் ஒலியேட்டைத்தான் எடுக்கும், ஒலைல் அம்மோனியம் அப்படியே நிற்கும். அதற்குக் கடைசி அடுக்குக்குப் பிறகு எத்தில் அசிடேட்டில் கரைத்த ஃபார்மமிடினியம் அயோடைடில் பத்து வினாடி போல முக்க வேண்டும். 2017இல் அதே அமெரிக்க ஆய்வகத்துக்காரர்கள் இந்த உப்புக் குளியலால் படலத்தில் மின்சுமைகளின் இயக்கத்தை இரண்டு மடங்காக்கி, 13.43 சதவீதம் என்று சான்று வாங்கினார்கள். நேரத்தைக் கூட்டினால் ஃபார்மமிடினியம் படிகத்துக்குள்ளேயே புகுந்து ஒளிர்வை நீண்ட அலைநீளத்துக்கு நகர்த்தும், ஆகவே நிறுத்துக் கடிகாரத்தோடு செய்யுங்கள்.

மேலே ஸ்பைரோ-ஓமீடாட் என்ற துளை கடத்தும் அடுக்கு, மெல்லிய மாலிப்டினம் ஆக்சைடு, உலோக மின்வாய். இது வழக்கமான பெரோவ்ஸ்கைட் செல் போலத்தான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அளக்கும்போது

திறந்த சுற்று மின்னழுத்தத்தை (மின்னோட்டம் எடுக்காதபோது செல் தரும் வோல்ட்) முதலில் பாருங்கள், டாட் செல்லின் பெருமையே அதுதான். 2016 செல்லில் 1.23 வோல்ட், சதுர செ.மீ.க்கு 13.47 மில்லிஆம்பியர், நிரப்புக் காரணி (அதிகபட்சத் திறனை, திறந்த சுற்று மின்னழுத்தத்தையும் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தையும் பெருக்கியதால் வகுத்தால் வரும் விகிதம்) 0.65. பெருக்கினால் 10.77 வந்துவிடும். உங்கள் எண்களை இந்த மூன்றோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள், மொத்தச் சதவீதத்தை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. மின்னழுத்தம் நன்றாக இருந்து மின்னோட்டம் படுத்திருந்தால் லிகண்ட் மிச்சம், அல்லது படலம் ரொம்ப மெல்லியது. தடிமனைக் கூட்டினால் ஒளி உறிஞ்சுவது கூடும், ஆனால் மின்சுமைகள் வெளியே வருவதற்குள் செத்துவிடும், அதனால் நிரப்புக் காரணி இறங்கும். மின்னழுத்தமே ஒரு வோல்ட்டுக்குக் கீழே என்றால் ஊசித்துளைகளையோ மஞ்சள் நிலையையோ தேடுங்கள். எக்ஸ்ரே விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) வரைபடத்தில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் முகடு தெரிந்தால் மஞ்சள் நுழைந்துவிட்டது.

மின்னழுத்தத்தை முன்னோக்கியும் பின்னோக்கியும் நகர்த்தி இரண்டு திசையிலும் அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். பெரிய எண்ணை மட்டும் எழுதுவது உங்களையே ஏமாற்றிக்கொள்வது. அதிகபட்சத் திறன் புள்ளியில் நிறுத்தி ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, நிலைத்து நிற்கும் எண்ணைச் சொல்லுங்கள்.

உங்கள் 9 சதவீதத்தைப் பார்த்து மனம் தளர்ந்தால்: 2020இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கலப்பு சீசியம்-ஃபார்மமிடினியம் டாட்கள் 16.6 சதவீதம் தொட்டன, 2024இல் தென்கொரியாவின் யூனிஸ்ட் குழு 18.1க்குக் கொண்டுபோனது. இரண்டிலும் முன்னேற்றம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் நடந்தது. மறுபக்கம், சாதாரணப் பெரோவ்ஸ்கைட் படலம் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வெறும் திறனுக்காக என்றால் நான் டாட் பக்கம் வரமாட்டேன். படிகத்தைத் தனியாக, சூட்டில் கச்சிதமாகச் செய்துகொண்டு, பூசுவதை மட்டும் அறை வெப்பநிலையில் எந்த மேற்பரப்பிலும் செய்யலாம் என்பதுதான் என்னை இழுத்துப் பிடித்திருப்பது.

எல்இடிக்குப் போகிறீர்கள் என்றால்

கணக்கு தலைகீழாகும். அங்கே மின்சுமைகளை வெளியே இழுக்க வேண்டியதில்லை, டாட்டுக்குள்ளேயே சந்தித்து ஒளியாக மாற வேண்டும், அதனால் மேற்பரப்பு மூடியே இருக்க வேண்டும். உரிப்பதற்குப் பதில், நீண்ட லிகண்டை டைடோடெசில் டைமெத்தில் அம்மோனியம் புரோமைடு மாதிரி இறுக்கமாகப் பிடிக்கும் ஒன்றால் மாற்றுவார்கள். பச்சைக்குச் சீசியம் லெட் புரோமைடு, ஒளிர்வு 515 நானோமீட்டரை ஒட்டி, அகலம் 20 நானோமீட்டருக்குப் பக்கத்தில். திரைக்காரர்கள் இதன் பின்னால் ஓடுவது இந்தக் குறுகிய அகலத்துக்காகத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பச்சை புரோமைடையும் சிவப்பு அயோடைடையும் ஒரே குப்பியில் கலந்து வெள்ளை ஒளி எடுக்கலாம் என்று தோன்றும். விளக்கின் கீழே வைத்துக்கொண்டு கலந்து பாருங்கள்: பச்சையும் சிவப்பும் தனித்தனியாக நிற்காது, ஹாலைடுகள் (புரோமைடும் அயோடைடும்) துகளுக்குத் துகள் தாவி, இரண்டு நிறமும் நகர்ந்து நடுவில் ஒரு ஆரஞ்சாகச் சேர்ந்துவிடும். நிறத்தை விருப்பப்படி நகர்த்த இதே தாவலைக் கருவியாகவும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் இரண்டு நிறமும் வேண்டுமென்றால் தனித்தனிப் படலமாக, நடுவில் பாலிமரோ வேறு தடுப்போ வைத்துத்தான் செய்ய வேண்டும்.

நாள் முடிவில் மேஜையைத் துடைக்கும்போது: மெத்தில் அசிடேட் கழிவு, ஹெக்சேன் கழிவு, கையுறை, துடைப்பான், சொட்டுக்குழாய் நுனி எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது. எதுவும் தொட்டியில் போகக் கூடாது, ஈயம் என்று எழுதிய தனிப் புட்டி, தனிப் பை. புற ஊதா விளக்கை ஒருமுறை மேஜை மேலும் உங்கள் சட்டைக் கையிலும் காட்டிப் பாருங்கள், சிந்தினது சிவப்பாக ஒளிரும். ஒளிராத இடத்திலும் ஈயம் இருக்கலாம், மஞ்சளாகிப்போன டாட் ஒளிராது. கையுறையைக் கழற்றிய பிறகும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.